யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தியாளராவது எப்படி: முழுமையான வழிகாட்டி

விளையாட்டுச் செய்தியாளர் என்றதும் பலருக்கு நினைவில் வருவது கொழும்புப் பெரிய பத்திரிகைதான். அங்கே கிரிக்கெட்டுக்கு ஒருவர், றகருக்கு (ரக்பி) ஒருவர், பாடசாலை விளையாட்டுக்கு ஒருவர் என்று ஆட்கள் இருப்பார்கள். யாழ்ப்பாணத்து நாளிதழில் விளையாட்டுப் பகுதி என்றால் ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். காலையில் துரையப்பா விளையாட்டரங்கில் மெய்வல்லுநர் (தடகள) போட்டி, பின்னேரம் அரியாலையில் உதைபந்தாட்டம், இரவு அலுவலகத்தில் இலங்கை அணியின் ஆட்டத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது. பிறகு பக்க வடிவமைப்பாளருக்கு அருகில் நின்று தலைப்பைச் சுருக்குவது. எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான்.

ஆகவே ஆள் எடுக்கும்போது ஆசிரியர் பார்ப்பதும் வேறு. விராட் கோலியின் சராசரி உங்களுக்கு மனப்பாடமா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. வலிகாமம் வலயத்தின் 17 வயதுப் பிரிவு வலைப்பந்தாட்ட இறுதியாட்டத்தைப் பெயர் பிழைக்காமல், எண் பிழைக்காமல், பக்கம் மூடுவதற்கு முன் தருவீர்களா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு ‘ஓம்’ என்று சொல்லும் நிலைக்கு வருவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதற்படி: வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு மாதம் உள்ளூர்ப் பத்திரிகைகளை வாங்கி, விளையாட்டுப் பக்கத்தை மட்டும் பேனையோடு இருந்து வாசியுங்கள். எந்தச் செய்தி பத்திரிகையின் சொந்த ஆள் எழுதியது, எது கழகம் அனுப்பியதை அப்படியே போட்டது, எது வெளிநாட்டுச் செய்தியின் மொழிபெயர்ப்பு என்று பிரித்துக் குறியுங்கள். எந்தப் பிரதேசத்துச் செய்தி வருவதே இல்லை என்பதையும் குறியுங்கள். பின்னால் வேலை கேட்கப் போகும்போது கையில் இருக்கப்போகும் பெரிய துருப்புச் சீட்டு அந்தக் கடைசிக் குறிப்புத்தான்.

பக்கத்துக்கு என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். எங்கள் பத்திரிகைகள் மரண அறிவித்தலாலும் நினைவஞ்சலியாலும் நிமிர்ந்து நிற்பவை. ஒரு முழுப்பக்க 31ஆம் நாள் நினைவஞ்சலி கடைசி நேரத்தில் வந்தால் முதலில் சுருங்குவது பெரும்பாலும் விளையாட்டுப் பக்கம்தான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் இடத்துக்கு இழுபறி இருக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் பத்திரிகைத் தாள் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுவதும் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. 400 சொல்லில் எழுதிய செய்தியை 90 சொல்லாக்கி, அதிலும் வெற்றியாளரின் பெயரும் புள்ளியும் தப்பிப் பிழைக்கும்படி வெட்டத் தெரிந்தவருக்குத்தான் இந்த மேசையில் இடம்.

நேரத்தைப் பற்றியும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். ஊர்க் கழகங்களின் போட்டிகள் பின்னேரத்திலும் மின்னொளியிலும் நடக்கின்றன. சனி, ஞாயிறில் கூடுதலாக நடக்கின்றன. உறவினர் கலியாண வீடு, கோயில் திருவிழா, நண்பர்களின் கூட்டம் எல்லாம் நடக்கும் அதே நேரத்தில்தான் உங்களுக்கு வேலை. இதை வீட்டில் முதலே கதைத்து விளங்கப்படுத்தாதவர்கள் சில மாதங்களிலேயே விட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: ஒரு மைதானத்தைப் பிடியுங்கள்

எல்லாப் போட்டிக்கும் ஓடவேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு மைதானம், ஒரு பாடசாலை, ஒரு விளையாட்டு. அதோடு தொடங்குங்கள். பருத்தித்துறை யாழ். நகரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீற்றர். நெடுந்தீவுக்குப் போவதானால் குறிகட்டுவானில் படகேற வேண்டும். நகரத்தில் இருக்கும் ஒற்றைச் செய்தியாளரால் இங்கெல்லாம் ஒவ்வொரு கிழமையும் வரமுடியாது. வடமராட்சியிலோ தீவகத்திலோ தென்மராட்சியிலோ இருக்கும் ஒருவர் தொடர்ந்து ஒழுங்காகச் செய்தி கொடுத்தால், அவரைப் பத்திரிகை தானாகத் தேடும்.

எந்த விளையாட்டு? ‘வடக்கின் பெரும் போர்’ என்று சொல்லப்படும் யாழ். மத்திய கல்லூரி – பரியோவான் கல்லூரி துடுப்பாட்டத்துக்கு 1904இலிருந்து வரலாறு உண்டு. அந்த மூன்று நாளும் மைதானத்தில் செய்தியாளருக்குப் பஞ்சமில்லை. பத்திரிகைகள் சிறப்புப் பக்கமே போடும். யாழ். இந்து – கொக்குவில் இந்து மோதும் ‘இந்துக்களின் சமர்’, சென். பற்றிக்ஸ் – யாழ்ப்பாணக் கல்லூரி மோதும் ‘பொன் அணிகளின் சமர்’ ஆகியவையும் அப்படித்தான். புதியவர் ஒருவர் அங்கே போய் என்ன புதிதாகத் தரமுடியும்? மாறாக, பெண்கள் உதைபந்தாட்டத்தையோ வலைப்பந்தாட்டத்தையோ கரப்பந்தாட்டத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவிகளின் உதைபந்தாட்டம் தேசிய மட்டத்தில் பேசப்பட்டது. அதே கல்லூரியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைப் பலமுறை புதுப்பித்தவர். வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணியின் தூணாக நின்று உலகக் கிண்ணப் போட்டிகளில் ஆடினார். இவ்வளவு இருந்தும், ஒரு வலய மட்ட வலைப்பந்தாட்டத்துக்கு எத்தனை செய்தியாளர்கள் போகிறார்கள்? ஆள் இல்லாத இடத்தில் நீங்கள் இருங்கள்.

தேர்ந்தெடுத்த விளையாட்டின் விதிகளை அரைகுறையாக இல்லாமல் முழுதாகப் படியுங்கள். வலைப்பந்தாட்டத்தில் அணிக்கு ஏழு பேர், 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள், கோல் எய்யும் உரிமை இருவருக்கு மட்டும். கரப்பந்தாட்டத்தில் ஐந்தாவது சுற்று 15 புள்ளியில் முடியும், ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். 1–1 என்று முடிந்து தண்ட உதையில் 4–3 என வென்ற உதைபந்தாட்டத்தை ‘5–4 என வென்றது’ என்று கூட்டி எழுதக்கூடாது. பதிவில் அது சமநிலைதான், தண்ட உதை தனிக்கணக்கு. மெய்வல்லுநரில் கையால் பிடித்த நேரம் பத்தில் ஒரு செக்கன் வரைக்கும்தான், மின்னணுக் கருவி தரும் நேரம் நூறில் ஒன்று வரைக்கும். இரண்டையும் ஒப்பிட்டு ‘சாதனை முறியடிப்பு’ என்று தலைப்புப் போட்டால் அடுத்த நாள் காலையிலேயே ஒரு உடற்கல்வி ஆசிரியர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பார். அவர் எடுப்பதும் நியாயம்.

மூன்றாம் படி: பெயரும் கணக்கும்

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். ஒருவருக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் இங்கேதான்.

துடுப்பாட்டப் புள்ளிப் பதிவேடு எங்கள் பாடசாலைகளில் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. அதிலிருந்து பெயரைப் பார்த்துத் தமிழில் எழுதினால் கவிசன், கவிஷன், கவிஷான் மூன்றில் எது என்று யாருக்குத் தெரியும்? றொபின்சனா, ரொபின்சனா? ஆட்டம் தொடங்குவதற்கு முன் அணியின் பயிற்றுநரிடம் போய், பதினொரு பேரின் பெயரையும் தலைப்பெழுத்தோடு தமிழில் எழுதி வாங்குங்கள். ‘சேர், பெடியளின்ரை பேரைத் தமிழிலை ஒருக்காச் சொல்லுங்கோ, நான் எழுதிப்போட்டு வாசிச்சுக் காட்டுறன்’ என்று கேட்டால் மறுக்கும் பயிற்றுநரை நான் இன்னும் காணவில்லை. கழக உதைபந்தாட்டத்தில் இன்னொரு சிக்கல்: மைதானத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான் தெரியும். கோல் அடித்தவரைப் பார்வையாளர்கள் கூப்பிடும் பெயரைச் செய்தியில் போட்டுவிட்டு வந்தால், அந்த இளைஞனின் தாய் வெட்டி எடுத்து வைக்கும் பத்திரிகைத் துண்டில் அவன் பெயர் இருக்காது. ஆட்டம் முடிந்ததும் அவனிடமே போய்க் கேளுங்கள்.

இனிக் கணக்கு. துடுப்பாட்டப் பதிவேட்டை வாங்கியதும் மூன்று இடத்தில் கூட்டிப் பாருங்கள். ஓர் அணி 187 ஓட்டங்கள் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். துடுப்பாட்ட வீரர்கள் எடுத்தவை எல்லாம் கூட்டினால் 161. உதிரிகள் 26. சரி, 187 வருகிறது. இது முதற் சோதனை. அந்த உதிரிகளைப் பிரித்தால் அகலப் பந்து 14, முறையற்ற பந்து 3, பை 5, லெக் பை 4 (பையும் லெக் பையும் பந்து மட்டையில் படாமலே எடுத்த ஓட்டங்கள்). இவற்றில் அகலப் பந்தும் முறையற்ற பந்தும் பந்துவீச்சாளரின் கணக்கில் சேரும். பையும் லெக் பையும் சேராது. ஆகவே பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களைக் கூட்டினால் 187இலிருந்து 9 கழித்து 178 வரவேண்டும். 178 வரவில்லையென்றால் எங்கேயோ பிழை. அது இரண்டாவது சோதனை. மூன்றாவது, வீழ்ந்த இலக்குகள்: பந்துவீச்சாளர்கள் எடுத்த இலக்குகளோடு ஓட்ட ஆட்டமிழப்பை (ரன் அவுட்) கூட்டினால் மொத்தம் சரியாக வருகிறதா? இந்த மூன்றுக்கும் ஐந்து நிமிடம் போதும். பதிவாளர்கள் இரண்டு பேரும் மைதானத்தில் இருக்கும்போதே கூட்டுங்கள். பதிவேடு வீட்டுக்குப் போய்விட்டால் இரவு ஒன்பது மணிக்கு யாரைக் கேட்பீர்கள்?

உதைபந்தாட்டத்துக்கு ஒரு சின்னக் கொப்பி போதும். இடப்பக்கம் ஓர் அணி, வலப்பக்கம் மற்ற அணி, நடுவில் நிமிடம். கோல், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, ஆள் மாற்றம் நடக்கும்போதே எழுதுங்கள். தொலைபேசியில் காணொளி எடுத்துக்கொண்டு நின்றால் பார்ப்பதும் தவறும், எழுதுவதும் தவறும்.

இவ்வளவு பாடுபடுவது எதற்கு? யாழ். மத்திய கல்லூரி மாணவராக ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகவும், 2024இல் ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகவும் பந்துவீசினார். அப்படி ஒருவர் மேலே போகும்போது, அவர் பாடசாலையில் எடுத்த இலக்குகளின் அச்சுப் பதிவு உள்ளூர்ப் பத்திரிகையின் பழைய பக்கத்தில்தான் இருக்கும். 1981இல் யாழ். நூலகமும் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்ட மண் இது. போன பதிவுகளைத் திரும்ப எழுத யாராலும் முடியவில்லை. இன்று நீங்கள் எழுதும் 60 சொல் செய்தியும் ஒரு பதிவு. அதில் பிழை இருக்கக்கூடாது.

நான்காம் படி: ஆட்டத்தை எழுதுங்கள், மேடையை அல்ல

எங்கள் உள்ளூர் விளையாட்டுச் செய்திகளில் எனக்கு நெடுநாளாக மனக்குறை ஒன்று உண்டு. செய்தியின் முதற் பந்தி முழுக்கக் கழகத் தலைவர், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், அனுசரணையாளர். யார் வென்றார்கள் என்பது நான்காம் பந்தியில் வரும். சில வேளை பக்கம் சுருங்கும்போது அந்த நான்காம் பந்தியே வெட்டுப்பட்டுவிடும். மைதானத்தில் வியர்வை சிந்தியவரின் பெயர் போய், மாலை வாங்கியவரின் பெயர் நிற்கும்.

கழகத்திலிருந்து இப்படி ஒரு குறிப்பு வருகிறது என்று வையுங்கள்: ‘எமது கழகத்தின் ஆண்டு விழாவை முன்னிட்டுப் பெருமையுடன் நடத்தப்பட்ட மாபெரும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம் கழகத் தலைவர் தலைமையில் கடந்த ஞாயிற்றுக்கிழமை வெகு விமரிசையாக நடைபெற்றது.’ இதில் செய்தி இல்லை. நீங்கள் அழைத்துக் கேட்கிறீர்கள். 80ஆவது நிமிடம் வரை ஒரு கோலால் பின்தங்கியிருந்த அணி கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் போட்டு வென்றிருக்கிறது, இரண்டையும் போட்டவர் மாற்று வீரராக வந்தவர் என்று தெரிகிறது. இதோ முதல் வரி: ‘மாற்று வீரராகக் களம் புகுந்தவர் கடைசிப் பத்து நிமிடத்தில் அடித்த இரண்டு கோல்கள், கைநழுவிய கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தன.’ இரண்டாவது வரியில் அணிகள், இடம், நாள், புள்ளி. மூன்றாவது பந்தியில் ஆட்டம் திரும்பிய கணம். விருந்தினர் பெயர் ஒரே ஒரு வரியில், கடைசியில். அனுசரணையாளர் இல்லாமல் போட்டி இல்லை என்பது உண்மைதான். அதனால் அவருக்கும் ஒரு வரி கொடுங்கள்.

‘அபார’, ‘அதிரடி’, ‘மாபெரும்’, ‘வரலாற்றுச் சாதனை’ ஆகிய நான்கையும் ஒரு மாதத்துக்கு எழுதாமல் இருந்து பாருங்கள். என்ன நடந்தது என்பதை எழுதவேண்டிய கட்டாயம் தானாக வரும். எங்கள் வாசகருக்குப் பழகிய சொற்களையே வையுங்கள்: உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், மெய்வல்லுநர், பந்துப்பரிமாற்றம், களத்தடுப்பு. இந்திய இணையத்தளத்திலிருந்து வெட்டி ஒட்டியவர் யார் என்பதைக் ‘கால்பந்து’, ‘கைப்பந்து’ என்ற சொற்களே காட்டிக்கொடுத்துவிடும்.

பாடசாலை விளையாட்டை எழுதும்போது ஒரு கட்டுப்பாடு. 15 வயதுப் பிள்ளை தண்ட உதையைத் தவறவிட்டால் ‘அவரால்தான் தோல்வி’ என்ற தொனியில் எழுதாதீர்கள். அவர் அடுத்த நாள் வகுப்புக்குப் போகவேண்டும்.

ஐந்தாம் படி: தட்டச்சு, படம்

சரி, எழுத வந்துவிட்டது. கையால் எழுதிய தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது. கணினியிலோ தொலைபேசியிலோ தமிழில் விரைவாகத் தட்டச்சுச் செய்யப் பழகுங்கள். எங்கள் அச்சகங்களில் பாமினி எழுத்துரு நெடுங்காலம் ஆட்சி செய்தது, இன்னும் பல இடங்களில் செய்கிறது. நீங்கள் தொலைபேசியில் அடிப்பது யூனிகோட். அதைப் பாமினிக்கு மாற்றும்போது இடையில் ஆங்கில எழுத்துகள் இருந்தால் பக்கத்தில் தமிழ்க் குப்பையாக வந்து விழும், ஏனென்றால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழை வைத்திருக்கிறது. ஆகவே அணிப் பெயர்களையும் சுருக்கங்களையும் முழுக்கத் தமிழிலேயே அடித்து அனுப்புங்கள். பக்க வடிவமைப்பாளர் உங்களை அன்றே விரும்பத் தொடங்கிவிடுவார்.

படம்: ஆட்டம் நடக்கும்போது ஒன்று, வென்ற அணி கிண்ணத்தோடு ஒன்று. இரண்டாவது படத்தில் இடமிருந்து வலமாகப் பெயர் எழுதி வாங்குங்கள். வாட்சப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி அச்சில் மங்கும்; கோப்பாக இணைத்து அனுப்புங்கள். இணையத்திலிருந்து பிறருடைய படத்தை எடுத்து உங்கள் பெயரில் அனுப்புவது களவு.

ஆறாம் படி: கதவைத் தட்டுங்கள்

சிறு பத்திரிகையில் வேலை விளம்பரம் வருவது குறைவு. வந்தாலும் அதே பத்திரிகையின் ஒரு மூலையில் ‘ஆசிரியபீடத்துக்கு ஆட்கள் தேவை’ என்று சிறு பெட்டியாக வரும்: க.பொ.த. உயர்தரம், கணினி அறிவு, மோட்டார் சைக்கிள் உரிமம். பெரும்பாலான ஆட்கள் உள்ளே போவது வேறு வழியால். பிரதேச நிருபராகச் செய்தி கொடுத்து, முகம் பழகி, மேசையில் இருந்தவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும் நாளில் கூப்பிடப்பட்டவர்கள்தான் கூடுதல்.

எனவே வேலை கேட்டுப் போகாதீர்கள், செய்தி கொடுக்கப் போங்கள். ஆசிரியருக்கோ விளையாட்டுப் பகுதிப் பொறுப்பாளருக்கோ முதலில் ஒரு செய்தியோடு சேர்த்து இப்படி எழுதலாம்:

‘வணக்கம் ஐயா. நான் கரவெட்டியில் இருக்கிறேன். எங்கள் பகுதிப் பாடசாலை, கழகக் கரப்பந்தாட்டப் போட்டிகளை நேரில் பார்த்து எழுதி வருகிறேன். கடந்த மாதம் உங்கள் பத்திரிகையில் இந்தப் பகுதிக் கரப்பந்தாட்டச் செய்தி வரவில்லை என்பதைக் கவனித்தேன். நேற்று நடந்த இறுதியாட்டச் செய்தி 120 சொற்களில் இத்துடன் உள்ளது. பெயர்களைப் பயிற்றுநரிடம் சரிபார்த்திருக்கிறேன், அவருடைய தொலைபேசி இலக்கமும் கீழே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் இரவு ஏழு மணிக்கு முன் இப்படி அனுப்ப என்னால் முடியும்.’

இதில் ‘சிறுவயது முதலே விளையாட்டில் ஆர்வம்’ என்ற வரி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆர்வம் இல்லாதவர் கேட்டு வரமாட்டார் என்று ஆசிரியருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது செய்தி, சரிபார்க்க ஓர் இலக்கம், நம்பக்கூடிய நேரம்.

செய்தி வராவிட்டால் கோபித்துக்கொண்டு முகநூலில் எழுதாதீர்கள். அடுத்த ஞாயிறும் அனுப்புங்கள், அதற்கடுத்த ஞாயிறும் அனுப்புங்கள். வந்த துண்டுகளை வெட்டி ஒரு கோப்பில் ஒட்டுங்கள். வந்த செய்தியையும் நீங்கள் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன வெட்டினார்கள், எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்று பாருங்கள். காசில்லாமல் கிடைக்கும் பாடம் அது.

படிப்பு வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டும், ஆனால் கதவைத் திறப்பது அது மட்டும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. கொழும்பில் உள்ள இலங்கை இதழியல் கல்லூரியில் தமிழிலும் டிப்ளோமா படிக்கலாம். அங்கே கிடைக்கும் சட்டம், ஒழுக்கநெறி, எடிட்டிங் பாடங்கள் மேசைக்கு வந்தபின் கைகொடுக்கும். படித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைச் செய்தியையும் அனுப்புகிறவர்தான் முன்னுக்கு நிற்பார்.

ஏழாம் படி: பரீட்சையும் நேர்முகமும்

கூப்பிட்டால் பெரிய நேர்முகம் இருக்காது. ஒரு மேசையில் இருத்திவிட்டு மூன்று வேலை தருவார்கள். ஆங்கிலச் செய்தி ஒன்றைத் தமிழில் 150 சொல்லாக்குவது, கழகம் அனுப்பிய குழப்பமான குறிப்பைச் செய்தியாக்குவது, ஒரு தலைப்புப் போடுவது. மொழிபெயர்ப்பில் வரிக்கு வரி போகவேண்டாம். முழுதும் வாசித்துவிட்டு, தாளை மூடிவைத்து, பக்கத்து வீட்டு அண்ணைக்குச் சொல்வதுபோல் எழுதிவிட்டு, எண்களை மட்டும் திரும்பிப் பார்த்து நிரப்புங்கள். கழகக் குறிப்பில் வேண்டுமென்றே ஓர் எண் பிழைத்திருக்கலாம். அதைக் கண்டுபிடித்து ‘இது பொருந்தவில்லை, கேட்கவேண்டும்’ என்று ஓரத்தில் எழுதுகிறவர் தேறிவிட்டார்.

‘நீங்கள் எந்தக் கழகத்தில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள். மறைக்காதீர்கள். எங்கள் ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு கழகத்தின் ஆள்தான். உங்கள் கழகத்தின் ஆட்டத்தையும் பழைய பாடசாலையின் ஆட்டத்தையும் வேறொருவர் எழுதட்டும் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். ஆள் இல்லாமல் நீங்களே எழுதவேண்டி வந்தால் எதிரணிப் பயிற்றுநரிடமும் பேசிவிட்டு எழுதுங்கள். போட்டி நடத்துபவர்கள் தரும் என்வலப்பை வாங்கக்கூடாது என்பதைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. தேநீரும் வடையும் போதும்.

எட்டாம் படி: காசும் நியமனக் கடிதமும்

இதைக் கதைக்க வெட்கப்படுகிறவர்களே கூடுதல். வெட்கப்படாதீர்கள். பிரதேச நிருபர்களுக்குப் பல இடங்களில் செய்திக்கு இவ்வளவு என்றுதான் கொடுப்பனவு. படத்துக்குத் தனியா, எரிபொருளுக்கு ஏதும் உண்டா, எந்தத் திகதியில் தருவார்கள் என்று முதலே கேளுங்கள். என்னென்ன வெளிவந்தது என்ற பட்டியலை நீங்களும் வைத்திருங்கள்.

முழுநேர வேலை என்றால் நியமனக் கடிதம் இல்லாமல் தொடங்காதீர்கள். அதில் பதவி, அடிப்படைச் சம்பளம், தகுதிகாண் காலம், விடுமுறை இருக்கவேண்டும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் கீழே யாரும் தரமுடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்டவேண்டும். 40,000 ரூபா சம்பளமென்றால் உங்களிடம் கழிப்பது 3,200. முதலாளி தன் கையிலிருந்து போடுவது 4,800உம் 1,200உம். முதலாளியின் பங்கையும் உங்கள் சம்பளத்திலிருந்தே கழிப்பது சட்டவிரோதம். தகுதிகாண் காலத்திலும் இந்த உரிமை உண்டு. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடித்தால், ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. சிக்கல் வந்தால் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம்.

பெண்கள் இந்த மேசைக்கு வரத் தயங்கும் முக்கிய காரணம் இரவுப் போக்குவரத்து. ஆகவே அதை நேரே கேளுங்கள்: பக்கம் மூடியபின் வீட்டுக்குப் போக வாகனம் உண்டா, மின்னொளிப் போட்டிக்கு இரண்டு பேராகப் போகலாமா? இதைக் கேட்டதற்காக ஒருவரை வேண்டாமென்று சொல்லும் அலுவலகம் உங்களுக்கும் வேண்டாம்.

அரச நிகழ்வுகளுக்குப் போக அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டை தேவைப்படும். அதற்குப் பத்திரிகையின் பரிந்துரை வேண்டும் என்பதால் சேர்ந்தவுடனேயே கேட்டு வையுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் ஆறு மாதம்

ஒரு தொலைபேசிக் கொப்பி தொடங்குங்கள். ஒவ்வொரு பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர், ஒவ்வொரு கழகத்தின் செயலாளர், வலயக் கல்வி அலுவலகங்களின் விளையாட்டுப் பொறுப்பாளர்கள், நடுவர்கள். யாழ். மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள்: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். ஐந்திலும் ஆள் இருக்கவேண்டும். செய்தி வேண்டாத நாளிலும் இடைக்கிடை எடுத்துச் சுகம் கேளுங்கள்.

ஆண்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் ஒரே கிழமையில் பத்துப் பாடசாலையில் வரும், எல்லாவற்றுக்கும் ஓடமுடியாது. முடிவுகளைக் கேட்டு வாங்க ஒரு படிவம் தயாரித்து முன்கூட்டியே ஆசிரியர்களுக்கு அனுப்பிவிடுங்கள்: முதலிடம் பெற்ற இல்லம், புள்ளிகள், சிறந்த வீரர், வீராங்கனை, பெயர்கள் தமிழில்.

இப்போது பத்திரிகைக்கு இணையத்தளமும் முகநூலும் உண்டு. முடிவை உடனே போடச் சொல்வார்கள். வெறும் முடிவை இரண்டு வரியில் அங்கே கொடுங்கள், கதையைக் காலைப் பத்திரிகைக்கு வையுங்கள். இரவே முடிவு தெரிந்தவர் காலையில் பத்திரிகையைத் திறக்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா?

பிழை போனால் திருத்தம் போடுங்கள். சிறிதாக, தெளிவாக, அடுத்த நாளே.

ஆள் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் சில வரிகள்

புதியவரை எடுத்ததும் மூன்று மாதம் மொழிபெயர்ப்பு மேசையில் பூட்டி வைக்காதீர்கள். ஐரோப்பிய லீக் செய்தி எந்தத் தொலைபேசியிலும் கிடைக்கும், நாவாந்துறை ஆட்டம் உங்கள் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். அவரை மைதானத்துக்கு அனுப்புங்கள். பெயர் போட்டு எழுத விடுங்கள். அந்தப் பெயர்வரிதான் குறைந்த சம்பளத்திலும் ஆளை நிறுத்தி வைக்கிறது. பிரதேச நிருபரின் கொடுப்பனவைத் தவணை தவறாமல் கொடுங்கள். எழுதியதை வெட்டினால் ஏன் வெட்டினீர்கள் என்று ஒரு நிமிடம் சொல்லுங்கள்.

பரீட்சைக்கு வருகிறவரிடம் கட்டுரை எழுதச் சொல்வதைவிட, பக்கத்தில் நடக்கும் ஓர் ஆட்டத்துக்கு ஒரு பின்னேரம் அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்ததும் செய்தியை வாசிப்பதற்கு முன் அவருடைய கொப்பியை வாங்கிப் பாருங்கள். இரண்டு அணியின் பெயர்ப் பட்டியலும் தலைப்பெழுத்தோடு அதில் இருந்தால், மீதியை நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம்.